எண்ணிப் பிடித்தவர்கள் எழுப்பிய எச்சரிக்கை

தஞ்சோங் மாலிமில் கடல் இல்லை. பேராக் மாநிலத்தின் தென்கோடியில், மலையடிவாரத்தில் இருக்கும் ஊர் அது. 1922-ல் தொடங்கப்பட்ட சுல்தான் இட்ரிஸ் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியால் நாடறிந்த ஊர். சுற்றிலும் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்கள். பிறகு அவற்றில் பல செம்பனைத் தோட்டங்களாக மாறின. அப்படிப்பட்ட ஊரில் கடற்கரையில் நின்று மெல்லிய தூண்டிலால் மீன் பிடிக்கும் கலையைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று கேட்கலாம்.

இருக்கிறது. ஊரை ஒட்டி ஓடும் பெர்ணம் ஆறுதான் அதற்குக் காரணம். தித்திவங்சா மலைத்தொடரில் பிறந்து, பேராக்குக்கும் சிலாங்கூருக்கும் எல்லைக்கோடாக ஓடி, ஊத்தான் மெலிந்தாங்கைக் கடந்து, மலாக்கா நீரிணையில் கலக்கிறது அந்த ஆறு. வடகரையில் பாகான் டத்தோ, தென்கரையில் சபாக் பெர்ணம். தஞ்சோங் மாலிமில் ஆற்றில் விழுகிற குப்பையும் எண்ணெயும் கழிவும் ஓடி ஓடி ஒரு நாள் அந்தக் கழிமுகத்தைத்தான் சேரும். கடல் இல்லாத ஊருக்கும் கடலில் பங்கு உண்டு. கடலைக் கெடுப்பதிலும் பங்கு உண்டு, காப்பதிலும் பங்கு உண்டு.

வலை போட்டால் ஒரே வீச்சில் நூறு மீன் கிடைக்கும். வெடி போட்டால் ஆயிரம் மீன் மிதக்கும். அப்படியிருக்க, ஒரு முள், ஒரு நூல், ஒரு கம்பு என்று கரையில் மணிக்கணக்கில் நிற்பவன் எதைச் சாதிக்கிறான்? இந்தக் கேள்விக்கு வரலாறு ஒரு வியப்பான பதிலை வைத்திருக்கிறது.

இறகால் ஏமாற்றும் கலை

தூண்டிலைத் தமிழர்களுக்கு யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சூதாட்டத்தில் ஒருவன் பெறும் வெற்றி எப்படிப்பட்டது என்று சொல்ல வந்த வள்ளுவர், மீன் தூண்டில் முள்ளை விழுங்கியதைத்தான் உவமையாகக் காட்டினார். கேட்பவர்கள் அனைவரும் தூண்டிலை அறிந்திருந்தால்தான் அந்த உவமை எடுபடும்.

தென்னிந்திய அரசர்களுக்கும் அது பொழுதுபோக்காக இருந்தது. 12-ஆம் நூற்றாண்டில் கல்யாணி சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் தொகுத்த மானசோல்லாசம் என்னும் சமஸ்கிருத நூலில் மீன்பிடி விளையாட்டுக்கென்றே ஒரு பகுதி உண்டு. கடல் மீன் எது, ஆற்று மீன் எது, செதில் உள்ளது எது, இல்லாதது எது, எந்த மீனுக்கு எந்த இரை என்று அது வகைப்படுத்திச் சொல்கிறது. மீன் அறிவியலாளர் சுந்தர்லால் ஹோரா 1951-ல் இந்தப் பகுதியை ஆராய்ந்து எழுதியபோதுதான் இன்றைய அறிவியல் உலகம் அதைக் கவனித்தது.

இரை வைக்காமல் இறகை வைத்து மீனை ஏமாற்றும் முறையும் பழையதுதான். கி.பி. 200-ஐ ஒட்டி வாழ்ந்த ரோமானிய எழுத்தாளர் ஏலியன், மாசிடோனியாவில் ஓர் ஆற்றங்கரை மக்களைப் பற்றி எழுதியிருக்கிறார். அவர்கள் முள்ளில் சிவப்புக் கம்பளி நூலைச் சுற்றி, அதில் சேவலின் இரண்டு இறகுகளைக் கட்டி, ஆற்றில் மிதக்கும் பூச்சியைப் போலக் காட்டி மீன் பிடித்தார்களாம். ஆங்கிலத்தில் ‘ஃபிளை ஃபிஷிங்’ என்று சொல்லப்படும் இறகுத் தூண்டிலைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய குறிப்புகளில் அது ஒன்று.

இதற்கும் சாதாரணத் தூண்டிலுக்கும் என்ன வேறுபாடு? தோட்டத்துப் பையன் மூங்கில் கம்பில் மண்புழுவைக் கோத்துப் போடும்போது தக்கை உண்டு, ஈயக்குண்டு உண்டு. ஈயக்குண்டு பறக்கும், நூல் அதன் பின்னால் போகும். இறகுத் தூண்டிலில் இது தலைகீழ். இறகு கட்டிய முள்ளுக்கு எடையே இல்லை. ஆகவே நூலைத்தான் எடையுள்ளதாகச் செய்கிறார்கள். கம்பை முன்னும் பின்னும் வீசும்போது நூல் காற்றில் வளையமாக விரிந்து பறக்கிறது, இறகு அதன் நுனியில் போய்ப் பூப்போல விழுகிறது.

கடற்கரையில் பலரும் பயன்படுத்துவது 8-ஆம் எண் நூல். அதன் முதல் 30 அடியின் எடை ஏறக்குறைய 13.6 கிராம்தான். கம்பின் நீளம் சுமார் 9 அடி. முள்ளைக் கட்டும் கடைசி முழ நூலோ மெல்லிய தங்கூசி. முரட்டுத்தனமாக இழுத்தால் அறுந்துவிடும். ஆகவே மீன் ஓடும்போது விட்டுக் கொடுக்க வேண்டும், களைக்கும்போது சுருட்ட வேண்டும். பிடிப்பவன் தன் கையைத் தானே கட்டிக்கொண்டு விளையாடும் விளையாட்டு இது.

ஆற்றிலிருந்து கடலுக்கு

பல நூற்றாண்டுகளாக இறகுத் தூண்டில் பெரும்பாலும் குளிர்நாட்டு ஆறுகளோடு நின்றது. கடற்காற்று எடையற்ற இறகைத் திருப்பி அடிக்கும். உப்பு முள்ளைத் துருப்பிடிக்க வைக்கும். கடல் மீனின் வலு பட்டுநூலுக்குத் தாங்காது. 1938-ல் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனம் நைலானை அறிமுகப்படுத்தியது. அடுத்துவந்த ஆண்டுகளில் கண்ணாடியிழைக் கம்பு வந்தது. துருப்பிடிக்காத முள்ளும் வந்தது. 1950-ல் ஜோ புரூக்ஸ் என்ற அமெரிக்கர் உப்புநீர் இறகுத் தூண்டிலுக்கென்றே ஒரு நூல் எழுதினார். அவருக்குப் பின் லெஃப்டி கிரே, சிறு மீனைப் போல நீரில் நெளியும் இறகு வடிவம் ஒன்றை உருவாக்கினார். அமெரிக்க அஞ்சல் துறை 1991-ல் வெளியிட்ட அஞ்சல்தலைகளில் அந்த வடிவமும் இடம்பெற்றது.

பேராக் கடற்கரையில் இந்தக் கலைக்கு உகந்த இடங்கள் பங்கோரிலும் லுமுட்டை ஒட்டிய தெலுக் பாத்தேக்கிலும் உள்ள மணற்கரைகள். அங்கே கரையில் நின்றபடியே நூலை வீச இடம் உண்டு. பெர்ணம் கழிமுகத்தின் பக்கம் சேறும் பக்காவ் மரங்களும்தான் அதிகம். ஆனால் அந்தச் சேற்றையும் அந்த வேர்களையும் நம்பித்தான் மீன் குஞ்சுகள் வளர்கின்றன.

சியாக்காப் என்று சந்தையில் வாங்கும் மீனை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் அதன் பெயர் கொடுவா. கழிமுகத்து உப்புநீரில் முட்டையிடும், குஞ்சு சதுப்பு நிலத்தில் வளரும், ஆற்றுக்குள்ளும் ஏறி வரும். அதன் வாழ்க்கையில் ஓர் அதிசயம் உண்டு. கொடுவா பெரும்பாலும் ஆணாகவே வளர்கிறது. சில ஆண்டுகள் சென்று, உடல் பெருத்த பிறகு பெண்ணாக மாறுகிறது. செனாங்கின் என்று இங்கேயும் காலா என்று தமிழ்நாட்டிலும் அழைக்கப்படும் மீனுக்கும் இந்த இயல்பு உண்டு. இதன் பொருள் என்ன? படம் எடுத்து மாட்டத் தோன்றும் பெரிய கொடுவா பெரும்பாலும் ஒரு தாய். அதை மட்டும் தேடித் தேடிப் பிடித்தால் அடுத்த தலைமுறைக்கு முட்டையிட ஆள் இருக்காது.

மெல்லிய தூண்டிலில் வந்த மீனை, காயம் பெரிதாக ஆற்றாமல், தண்ணீருக்குள்ளேயே வைத்து முள்ளைக் கழற்றி விட்டுவிட முடியும். வலையில் நசுங்கிய மீனுக்கு அந்த வாய்ப்புக் குறைவு. வெடியில் செத்த மீனுக்கு அறவே இல்லை.

புத்தகம் எழுதிய கலெக்டர்

இந்த விளையாட்டு தமிழகத்துக்கு வந்தது வெள்ளைக்கார அதிகாரிகளோடு. அவர்களில் குறிப்பிடத்தக்கவர் ஹென்றி சல்லிவன் தாமஸ். சென்னை மாகாணத்தில், தென் கன்னடம் என்ற கடலோர மாவட்டத்தில் பணியாற்றிய அவர், 1873-ல் இந்தியாவில் தூண்டில் மீன்பிடிப்பு பற்றி ஒரு நூலை வெளியிட்டார். இந்தியத் தூண்டில்காரர்களின் வேதம் போல அது பல பதிப்புகள் கண்டது.

ஆனால் அதற்கு முன்பே, 1870-ல் அவர் எழுதி வெளிவந்தது வேறொன்று. தென் கன்னடத்தில் மீன்வளம் பெருக என்ன செய்ய வேண்டும் என்ற அறிக்கை. மீன் பிடிக்கப் போன மனிதர் ஏன் மீனைக் காக்கும் அறிக்கை எழுதினார்? ஆண்டுதோறும் அதே ஆற்றில், அதே மடுவில், ஒவ்வொன்றாகப் பிடித்து எண்ணிக்கொண்டிருப்பவனுக்குத்தான் எண்ணிக்கை குறைவது முதலில் தெரியும். இதுதான் இந்த வரலாற்றின் சாரம்.

அதே காலத்தில் சென்னை இராணுவத்தில் மருத்துவராக இருந்த பிரான்சிஸ் டே, இந்தியாவின் மீன்வளத் தலைமை ஆய்வாளரானார். அவர் மாவட்டம் மாவட்டமாகக் கேள்விகள் அனுப்பி, வலைக்கண் எவ்வளவு சிறியது, ஆற்றில் நஞ்சு கலக்கிறார்களா என்றெல்லாம் விசாரித்து 1873-ல் அறிக்கை தந்தார். 1830-களில் கொள்ளிடத்தில் கட்டப்பட்ட அணைகள், கடலிலிருந்து ஆற்றுக்குள் ஏறிவந்து முட்டையிடும் உல்லம் மீனை மறித்துவிட்டதைச் சுட்டிக்காட்டியவர்களில் அவரும் ஒருவர். தஞ்சையின் வயலுக்குத் தண்ணீர் தந்த அணை, கடல் மீனுக்குக் கதவைச் சாத்தியது.

இப்படி எழுந்த குரல்களுக்குப் பிறகு வந்ததுதான் 1897-ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டம். வெடி வைத்தும் நஞ்சு கலந்தும் மீனைக் கொல்வதை அது குற்றமாக்கியது.

நாணயத்தின் மறுபக்கம்

இவர்களைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாட வேண்டுமா? அதற்கு முன் சிலவற்றையும் சொல்லியாக வேண்டும்.

முதலாவது, பெயர். துரை பிடித்த மீனின் எடை புத்தகத்தில் இருக்கும். அந்த மடுவைக் காட்டியவர், பரிசல் தள்ளியவர், இரவில் மீனைச் சுமந்தவர் ஆகியோரின் பெயர் பெரும்பாலும் இருக்காது. வயிற்றுக்காகக் கூடை போட்டவரின் பழக்கம் அறிக்கையில் குற்றமாக எழுதப்பட்டது. பொழுதுபோக்குக்காகப் பிடித்தவரின் பழக்கம் விளையாட்டு என்று எழுதப்பட்டது.

இரண்டாவது, இறகு. மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்து இறகில் மெழுகு தடவியதைப் போன்ற பளபளப்பான புள்ளிகள் உண்டு. ஐரோப்பாவில் மீன் இறகு கட்டுவோருக்கு அதன் மேல் அத்தனை மோகம். அதற்காகத் தென்னிந்தியக் காடுகளில் சேவல்கள் கொன்று குவிக்கப்பட்டன. கடைசியில் இந்தியா அதன் ஏற்றுமதியைத் தடை செய்ய வேண்டி வந்தது. மீனிடம் காட்டிய இரக்கத்தைப் பறவையிடம் காட்டவில்லை. இன்று வளர்ப்புப் பறவைகளின் இறகும் செயற்கை இழையும் அந்த இடத்தைப் பிடித்திருக்கின்றன.

காவிரியில் நடந்தது

மூன்றாவது, இன்னும் நுட்பமானது. அது நம் காலத்தில், காவிரியில் நடந்தது. கடலை விட்டு ஆற்றுக்கு வருவதற்குக் காரணம் உண்டு. எண்ணிக்கை என்பது எவ்வளவு பெரிய ஆயுதம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி கிடைப்பது அரிது.

காவிரியில் முதுகு திமிலைப் போல் உயர்ந்த ஒரு பெருங்கெண்டை உண்டு. மலேசியர்கள் போற்றும் கெலா மீனின் உறவு அது. உலகம் முழுவதிலுமிருந்து தூண்டில்காரர்கள் அதைத் தேடி வந்தார்கள். 1970-களிலிருந்து கர்நாடகக் காவிரிக்கரையில் பிடித்த மீனை எடை போட்டு, குறித்துக்கொண்டு, மீண்டும் ஆற்றில் விடும் வழக்கம் வேரூன்றியது. ஆற்றில் வெடி போடுவோரைத் தடுக்க உள்ளூர் மக்களையே காவலர்களாக அமர்த்தினார்கள். மீன் குறைகிறதே என்று பண்ணையில் பொரித்த வேறொரு வகைப் பெருங்கெண்டைக் குஞ்சுகளையும் ஆற்றில் விட்டார்கள். நல்ல எண்ணம்தான்.

காலிபோர் என்ற முகாமில் 1998 முதல் 2012 வரை தூண்டில்காரர்கள் குறித்து வைத்த கணக்கை ஆய்வாளர்கள் பின்னர் எடுத்துப் பார்த்தார்கள். ஆய்வு 2015-ல் வெளிவந்தது. மொத்த மீன்களின் எண்ணிக்கை கூடியிருந்தது. ஆனால் காவிரிக்கே உரிய திமில் மீன் அருகிப் போயிருந்தது. வெளியிலிருந்து வந்த வகை ஆற்றைப் பிடித்துக்கொண்டிருந்தது. அந்தத் திமில் மீனுக்குச் சரியான அறிவியல் பெயர் உறுதியானதே 2018-ல்தான். அதே ஆண்டில் அது அழிவின் விளிம்பில் உள்ள உயிரினமாக அறிவிக்கப்பட்டது.

சற்றுச் சிந்தித்துப் பாருங்கள். தவறு செய்ததும் மனிதர்கள்தான். தவறைக் கண்டுபிடிக்க உதவியதும் அதே மனிதர்கள் எழுதி வைத்த நோட்டுதான். கணக்கு எழுதாமல் இருந்திருந்தால், ஆற்றில்தான் நிறைய மீன் இருக்கிறதே என்று உலகம் சும்மா இருந்திருக்கும்.

நம் ஆறுகளின் கதை

இப்போது மலேசியாவுக்குத் திரும்புவோம். இங்கே மீனுக்கு எதிரி யார்? பழைய நாளில் தூபா வேர். அதை இடித்து ஆற்றில் கலந்தால், மீனின் உடல் உயிர்க்காற்றைப் பயன்படுத்த முடியாமல் போகும். மீன்கள் மூச்சுத் திணறி மேலே வரும். பெரியது சிறியது என்ற பேதமே இல்லாமல் எல்லாம் சாகும். பிறகு பேராக்கின் ஈயச் சுரங்கங்கள் ஆறுகளில் மணலையும் சேற்றையும் கொட்டின. அதன் பிறகு ரப்பர் ஆலைக் கழிவு, செம்பனை ஆலைக் கழிவு. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்த வாடையை யாரும் விளக்கத் தேவையில்லை.

1974-ல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் வந்தது. அதன்கீழ் 1977-ல் செம்பனை ஆலைகளுக்கும் 1978-ல் ரப்பர் ஆலைகளுக்கும் கழிவுநீர் விதிகள் வந்தன. 1985-ஆம் ஆண்டின் மீன்வளச் சட்டம் வெடி, நஞ்சு, மின்சாரம் ஆகியவற்றால் மீன் பிடிப்பதைத் தடை செய்தது. சட்டப் புத்தகத்தில் குறை அதிகம் இல்லை. ஆனால் ஓர் ஆற்றின் ஒவ்வொரு வளைவிலும் ஓர் அதிகாரியை நிறுத்த எந்த அரசாங்கத்தாலும் முடியாது. அந்த வளைவில் தூண்டிலோடு நிற்பவன்தான் அங்கே கண்ணும் காதும்.

இதற்கு மலேசியாவிலேயே முன்னுதாரணங்கள் உண்டு. ஈப்போ ரயில் நிலையத்தை வடிவமைத்த ஆர்தர் ஹப்பக்கின் உடன்பிறந்தவர் தியோடர் ஹப்பக். துப்பாக்கியோடு பகாங் காட்டுக்குள் நுழைந்த வேட்டைக்காரர் அவர். வேட்டையாடிய விலங்குகள் குறைவதைக் கண்ணால் கண்ட பிறகு, எஞ்சியிருந்த வாழ்நாளைக் காட்டைக் காக்கும் போராட்டத்துக்குக் கொடுத்தார். 1930-களின் இறுதியில் பகாங், கிளந்தான், திரங்கானு மாநிலங்கள் சேர்ந்து ஒதுக்கிய அந்தக் காடுதான் இன்றைய தாமான் நெகாரா. கெலா மீனுக்கு அங்கே இன்றும் இடம் இருக்கிறது.

இன்னொரு முன்னுதாரணம் பேராக்கிலேயே, கடலோரத்தில் உள்ளது. மாத்தாங் பக்காவ் காடு ஏறக்குறைய 40,000 ஹெக்டர். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே அங்கே முறை வைத்து மரம் வெட்டுகிறார்கள். வெட்டிய பகுதி வளர ஏறத்தாழ 30 ஆண்டுகள் விடுகிறார்கள். எண்ணி வெட்டியதால் கரிச்சூளைக்கு விறகும் கிடைத்தது, மீனுக்கும் இறாலுக்கும் தொட்டிலும் மிஞ்சியது.

மூன்றாவது, சபா மாநிலத்தின் தாகால் முறை. அங்கே கிராம மக்கள் தங்கள் ஆற்றைத் தாங்களே பகுதி பகுதியாகப் பிரித்துக்கொள்கிறார்கள். இந்தப் பகுதியில் பிடிக்கலாம், இந்தப் பகுதியில் ஆண்டு முழுவதும் தொடக் கூடாது என்று ஊரே கூடி முடிவு செய்கிறது. மீறினால் அபராதம். கலெக்டரும் துரையும் இல்லாமலே, புத்தகம் எழுதாமலே, சாதாரண மக்கள் மீனைத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

யாரிடம் இருக்கிறது அந்தக் கணக்கு?

பெர்ணம் ஆற்றின் பழைய கணக்கு எந்தத் துரையின் புத்தகத்தையும்விட அதிகமாக யாரிடம் இருக்கிறது? அதன் கரைத் தோட்டங்களில் வளர்ந்தவர்களிடம் இருக்கிறது. பள்ளி விட்டதும் மூங்கில் கம்போடு ஓடியவர்கள், எந்த மடுவில் என்ன மீன் கிடந்தது என்று அறிவார்கள். எந்த வருடம் தண்ணீர் நிறம் மாறியது, எந்த வருடத்துக்குப் பின் குறிப்பிட்ட மீன் வரவில்லை என்பதும் அவர்களுக்குத் தெரியும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயங்கள் காலியாகி, மக்கள் பட்டணங்களுக்குப் போனபோது அந்த அறிவும் மூட்டை கட்டப்பட்டது. அவர்களுக்கு இன்று வயதாகிவிட்டது. எழுதி வைக்காவிட்டால் அவர்களோடு அது போய்விடும்.

ஆகவே பேரப்பிள்ளை கடைக்குப் போய்ப் புதுக் கம்பு வாங்கி வந்தால், தாத்தா அவனோடு ஒருமுறை ஆற்றங்கரைக்குப் போகட்டும். கம்போடு ஒரு நோட்டுப் புத்தகமும் போகட்டும். தேதி, இடம், மீனின் பெயர், நீளம், விட்டோமா வைத்துக்கொண்டோமா என்ற ஐந்து குறிப்புகள் போதும். குடும்பத்துக்கு வேண்டிய மீனை வைத்துக்கொள்வதில் பாவம் இல்லை. முட்டையிடும் பெரிய தாய் மீனையும் விரல் நீளக் குஞ்சையும் விட்டுவிடுவதில் நட்டமும் இல்லை. தண்ணீரில் மீன்கள் செத்து மிதந்தால் படம் எடுத்து, சுற்றுச்சூழல் துறைக்கோ மீன்வளத் துறைக்கோ அன்றைக்கே தெரிவிக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் எழுதிய நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறவனை எளிதில் ஒதுக்கித் தள்ள முடியாது.

எண்ணிப் பிடித்தவர்கள் எழுதியும் வைத்தார்கள். அதனால்தான் கொள்ளிடத்து உல்லத்துக்காகவும் காவிரியின் திமில் மீனுக்காகவும் பேச ஆள் இருந்தது. பெர்ணம் ஆற்றுக்கு அந்த நோட்டு இனிமேல்தான் எழுதப்பட வேண்டும். கடலோரம் பாகான் டத்தோவிலும் எழுதலாம். மலையோரம் தஞ்சோங் மாலிமிலும் எழுதலாம். ஆறு ஒன்றுதான்.